பழைய ஸ்கூட்டருக்கு முன்பெட்டி பொருத்துவது எப்படி?

இன்றைய ஸ்கூட்டர்களில் இருக்கையைத் தூக்கினால் தலைக்கவசமோ இரண்டு நாள் காய்கறியோ வைக்கும் அளவுக்கு இடம் இருக்கும். பழைய பஜாஜ் சேத்தக், சூப்பர், பிரியா, எல்.எம்.எல். வெஸ்பா ஆகிய வண்டிகளில் இருக்கையைத் தூக்கினால் பெட்ரோல் டேங்க்தான் இருக்கும். வலப்பக்க மூடிக்குள் என்ஜின் உட்கார்ந்திருக்கும். ஆகவே சாமான் வைக்க மிஞ்சுவது மூன்றே இடங்கள்: லெக் ஷீல்டின் (ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னால் நிற்கும் தகட்டின்) உட்புறம், இடப்பக்க மூடி, பின்புற கேரியர். சில மாடல்களுக்கு இடப்பக்கத்தில் பூட்டுடன் கூடிய டிக்கி உண்டு. சிலவற்றுக்கு முன்பெட்டி கம்பெனியிலேயே பொருத்தப்பட்டு வந்தது. இவை எதுவும் இல்லாத வண்டியையோ, இருந்த பெட்டி துருவேறி உதிர்ந்துபோன வண்டியையோ வைத்திருப்பவர்களுக்காக, லெக் ஷீல்டின் உட்புறத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

மூன்று இடங்களில் முன்புறத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பின் கேரியரில் பெட்டி வைத்தால், பலரும் ஸ்டெப்னி வைத்திருக்கும் இடத்தோடு மோதும். அதோடு, பின்சக்கரத்துக்கும் பின்னால் ஏறும் எடை முன்சக்கரத்தைத் தூக்கலாக்கி, ஹேண்டிலை இலேசாக்கிவிடும். லெக் ஷீல்டில் பொருத்தும் பெட்டி வண்டியின் உடலோடு நிற்பதால் ஹேண்டிலைத் திருப்பும்போது அது கூடவே திரும்புவதில்லை. ஹேண்டிலில் பை மாட்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

பெட்டிக்கு முன் சாமான்

பெட்டியின் அளவை முடிவு செய்வதற்கு முன், அதில் என்னென்ன வைக்கப் போகிறீர்கள் என்பதைத் தரையில் பரப்பிப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக் சேத்தக் வைத்திருப்பவருக்கு முதலில் வேண்டியது 2டி ஆயில் பாட்டில். லிட்டருக்கு 20 மில்லி, அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு என்ற கணக்கில் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். பல பங்க்குகளில் இப்போது கலந்து தரும் வசதி இல்லாததால், பாட்டிலையும் அளவுக் குவளையையும் நாமே சுமக்க வேண்டியிருக்கிறது. அடுத்து, உபரியாக ஒரு ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு கிளட்ச் ஒயர், சின்ன கட்டிங் பிளேயர், இரண்டு பக்கமும் மாற்றிப் போடும் திருப்புளி, துடைக்கத் துணி, வண்டியின் ஆவணங்களின் நகல். இவ்வளவும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டாது.

என்னுடைய கருத்தில் முன்பெட்டிக்கு இந்த இரண்டு கிலோவே வரம்பு. பெட்டி பெரிதாக இருந்தால் அதில் கூடுதலாக எதையாவது போட்டுக்கொண்டே இருப்போம்; கடைசியில் ஐந்து கிலோ சாமான், ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும் தகட்டில் நான்கு போல்ட்டுகளை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வடசென்னையின் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்களில் தினமும் போய்வருகிற வண்டியில் அந்தத் தகடு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். குறிப்பாக, பெட்ரோலை எந்தப் பாட்டிலிலும் ஊற்றி இதற்குள் வைக்கவே கூடாது.

எந்த வண்டி, எந்தத் தகடு

வெஸ்பாவும் அதன் வழியில் வந்த பஜாஜ், எல்.எம்.எல். வண்டிகளும் குழாய்ச் சட்டத்தின்மேல் தகடு போர்த்திச் செய்யப்பட்டவை அல்ல. அச்சில் அழுத்தி வடிவமைத்த எஃகுத் தகடே அவற்றின் சட்டம். லெக் ஷீல்டும் காலை ஊன்றும் தளமும் ஸ்டீரிங் குழாயும் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்ட ஒரே உடல். இங்கே போடும் ஒவ்வொரு துளையும் வண்டியின் எலும்பில் போடும் துளை என்பதை நினைவில் வையுங்கள். துளையிடக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எத்தனை குறைவாக முடியுமோ அத்தனை குறைவாக, எங்கே தகடு திடமாக இருக்கிறதோ அங்கே மட்டும் என்பதுதான் இதன் பொருள்.

லாம்பிரெட்டா, லாம்பி, விஜய் சூப்பர் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவற்றில் எடையைத் தாங்குவது நடுவில் ஓடும் தடித்த எஃகுக் குழாய். லெக் ஷீல்டு தனியே போல்ட் போட்டு மாட்டப்பட்ட தகடு மட்டுமே. தவறான இடத்தில் துளை விழுந்தாலும் வேறு லெக் ஷீல்டு தேடி மாட்டிக்கொள்ள வழியுண்டு. ஆனாலும் கீழே சொல்லப்படும் சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும்.

துளையிடுவதற்கு முன் தகட்டின் உடல்நலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடற்காற்றில் நின்ற வண்டிகளிலும், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் மழைநீர் தேங்கும் தெருக்களில் நின்ற வண்டிகளிலும், வெளியே பளபளவென்று பெயின்ட் இருக்கும். உள்ளே தகடு பாதி கரைந்திருக்கும். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பெயின்ட்டைக் கீறாமல் லெக் ஷீல்டின் மேல் நகர்த்திப் பாருங்கள். திடமான தகட்டில் காந்தம் இறுக்கமாகப் பிடிக்கும். பட்டி பூசி நிரப்பிய இடத்தில் பிடிப்புத் தளர்ந்து வழுக்கும். அடுத்து, திருப்புளியின் கைப்பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். பட்டி இருக்கும் இடம் மரத்தைத் தட்டியது போல மந்தமாக ஒலிக்கும். பழைய டின்கரிங் பட்டறைகளில் வண்டியைப் பார்க்க வருபவர், விலை பேசுவதற்கு முன் ஒரு வார்த்தையும் பேசாமல் இப்படித்தான் முழு வண்டியையும் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். தளமும் லெக் ஷீல்டும் சந்திக்கும் கீழ் வளைவில்தான் துரு முதலில் தொடங்கும். அங்கே மந்த ஒலி வந்தால் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் தகடு வேலையை முடியுங்கள்.

பெட்டியைத் தேடுவது

இதற்கு மூன்று வழிகள் உண்டு. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் எல்.எம்.எல். வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியோ வேறு பழைய பெட்டியோ கிடைத்தால், அதைக் கையில் தூக்கிப் பார்த்து, அடிப்பகுதியில் விரலால் அழுத்தி, கீலும் பூட்டும் வேலை செய்கின்றனவா என்று பார்த்து வாங்கலாம். ஆனால் எல்.எம்.எல். பெட்டி சேத்தக்கில் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், வண்டியைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். இரண்டாவது, ஃபைபர் பெட்டி. இது துருப்பிடிக்காது என்பதால் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நல்லது. ஆனால் போல்ட்டை அளவுக்கு மீறி முடுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். மூன்றாவது, அளவு கொடுத்துத் தகட்டில் செய்துகொள்வது. பெரம்பூர், மூலக்கடை, தண்டையார்பேட்டை பக்கங்களில் டின்கரிங் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. 22 கேஜ் தகடு இதற்குப் போதும். அதைவிடத் தடித்தால் எடைதான் கூடும்.

தகட்டில் செய்யச் சொல்வதாக இருந்தால் மூன்று விஷயங்களை வற்புறுத்துங்கள். விளிம்புகள் எல்லாம் உள்நோக்கி மடிக்கப்பட்டிருக்க வேண்டும். பிரேக் போடும்போது முழங்கால் போய் இடிப்பது அந்த விளிம்பில்தான். மூடி மேலிருந்து கீழாகத் திறக்கும்படி, கீல் கீழ்ப்பக்கம் இருந்தால் பூட்டு தவறும்போது மூடி மடியில் விழும். கீல் மேல்பக்கம் இருந்தால் பூட்டு தவறினாலும் மூடி தன் எடையிலேயே சாத்திக்கொண்டு நிற்கும். நான் இதையே விரும்புகிறேன். அடித்தட்டின் இரு மூலைகளிலும் 5 மி.மீ. அளவில் வடிதுளை இருக்க வேண்டும். பட்டறைக்காரர் இதைத் தேவையில்லை என்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை ஓட்டினாலே எந்த மூடியின் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும் என்பது தெரியும். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டும்.

அட்டை மாதிரி

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இதுதான். பெட்டியை வாங்குவதற்கும் செய்யச் சொல்வதற்கும் முன்பே, கெட்டியான பார்சல் அட்டையை வெட்டி, பெட்டியின் அளவில் ஒரு மாதிரி செய்து, பெயின்ட்டைப் பிய்க்காத காகித ஒட்டுநாடாவால் லெக் ஷீல்டின் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஸ்டீரிங் குழாய் நடுவில் புடைத்துக்கொண்டு வருவதால், பெட்டியின் முதுகில் அதற்கேற்ற வளைவு வெட்டப்பட வேண்டும். ஒரு தடித்த கம்பியைக் குழாயின்மேல் அழுத்தி வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்துகொண்டால் அளவு சரியாக வரும். ஒரே முறையில் சரியாக வராது. ஒட்டி, எடுத்து, வெட்டி, மீண்டும் ஒட்ட வேண்டியிருக்கும். அட்டையில் செய்யும் இந்தத் திருத்தங்களுக்குச் செலவில்லை.

மாதிரி ஒட்டியபின் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டிலை இடக்கோடி வரைக்கும் வலக்கோடி வரைக்கும் திருப்புங்கள். ஹேண்டிலின் அடிப்பகுதிக்கும் பெட்டியின் மேல்விளிம்புக்கும் நடுவில் எந்த நிலையிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். கிளட்ச் பிடியையும் பிரேக் பிடியையும் முழுதாக அழுத்தியபடி திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் அப்போது நம் விரல்களும் அங்கே இருக்கும். இடது கைப்பிடியை முதல் கியரிலிருந்து நான்காவது வரை திருகிப் பாருங்கள். மணிக்கட்டு பெட்டியில் உரசக் கூடாது. ஸ்டீரிங் பூட்டின் சாவித்துளை எட்டும்படி இருக்க வேண்டும். புதிதாகப் பெட்டி பொருத்துபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்.

பிறகு வழக்கமாக வண்டி ஓட்டும்போது போடும் செருப்போடு, காலுறையோடு கூடிய ஷூ என்றால் அதோடு, ஏறி உட்காருங்கள். வலது காலால் பின் பிரேக் மிதியை மிதிக்கும்போது முழங்கால் எங்கே வருகிறது என்று பாருங்கள். வீட்டில் வேறு யார் ஓட்டுவார்களோ, உயரமானவரோ சேலை கட்டியவரோ, அவரையும் உட்காரச் சொல்லிப் பாருங்கள். முன்னால் குழந்தையை நிறுத்தி ஓட்டும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அது பாதுகாப்பான வழக்கம் அல்ல. பெட்டி வந்தபின் குழந்தையின் முகத்துக்கு நேரே தகட்டு விளிம்பு வரும் என்பதால் அதை அடியோடு விட்டுவிட இது ஒரு காரணம்.

ஒரு நாள் முழுக்க அட்டை மாதிரியோடேயே தெருவுக்குள் ஓட்டிப் பாருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஹாரன் மூடிக்குப் பின்னால்

லெக் ஷீல்டின் முன்புறத்தில், முன்சக்கரத்துக்கு மேலே நீளவாக்கில் இருக்கும் ஹாரன் மூடியைக் கழற்றாமல் எக்காரணம் கொண்டும் துளையிடாதீர்கள். மூடியைப் பிடித்திருக்கும் திருகுகள் மாடலுக்கு மாடல் இடம் மாறும். துருப்பிடித்து இறுகியிருந்தால் முதல்நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டுவையுங்கள். மூடியைக் கழற்றியதும் காய்ந்த சேறும் சிலந்தி வலையும் முதலில் கண்ணில் படும். பிரஷ்ஷால் துடைத்தபின், ஹேண்டிலிலிருந்து இறங்கிவரும் கியர் ஒயர்கள் இரண்டு, கிளட்ச் ஒயர், ஆக்சிலேட்டர் ஒயர், இவற்றோடு மின்கம்பிகளின் கற்றை, ஹாரனின் இணைப்புகள் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து, வண்டியின் நடுச் சுரங்கத்துக்குள் நுழைவது தெரியும். முப்பது நாற்பது ஆண்டு பழைய மின்கம்பியின் உறை இறுகிப்போய், வளைத்தால் பொடியாக உதிரும்; அப்படி இருந்தால் இதே சமயத்தில் மாற்றிவிடுவது நல்லது.

இப்போது ஹேண்டிலை ஒருவர் இருபுறமும் திருப்பட்டும். நீங்கள் முன்னால் உட்கார்ந்து ஒயர்களைப் பாருங்கள். அவை அசையும், புடைக்கும், தளரும். அவை அசையும் எல்லையைச் சாக்பீஸால் தகட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் போல்ட் முனை எதுவும் வரக் கூடாது. போல்ட்டின் முனை கிளட்ச் ஒயரின் உறையை உரசிக்கொண்டிருந்தால் அன்றைக்கு எதுவும் தெரியாது. சில மாதங்களில் உறை தேய்ந்து, உள்ளே தண்ணீர் புகுந்து, கிளட்ச் இறுகத் தொடங்கும், காரணம் பெட்டிதான் என்று யாருக்கும் தோன்றாது. இன்னொன்று: ஸ்டீரிங் குழாயில் ஒருபோதும் துளையிடாதீர்கள். அதற்குள் ஃபோர்க் தண்டு சுழல்கிறது.

துளையிடாமல் முடியுமா

பெரும்பாலும் பாதி வேலையையாவது துளையிடாமல் முடிக்கலாம். ஹாரன் மூடியைப் பிடிக்கும் திருகுத் துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன. சற்று நீளமான திருகு போட்டால் அதே துளை பெட்டியின் மேல்பகுதியையும் பிடித்துக்கொள்ளும். முந்தைய உரிமையாளர் எப்போதோ முன் கார்டு பொருத்தியிருந்தால் அதன் போல்ட் துளைகள் லெக் ஷீல்டில் மிச்சம் இருக்கும். பை மாட்டும் கொக்கி இருந்த துளையும் உதவும். இவற்றை அட்டை மாதிரியில் பென்சிலால் குறித்துக்கொண்டு, பெட்டியின் முதுகை அவற்றுக்கேற்ப அமையுங்கள்.

லெக் ஷீல்டின் ஓரப் பீடிங்கைப் பிடித்து நிற்கும் கிளாம்ப்புகளும் உண்டு. அரைக் கிலோ எடைக்கு அவை சரி. அதற்குமேல் போனால் ஓரத் தகட்டை நெளித்துவிடும்.

துளையிடும் முறை

வேண்டியவை: மின் டிரில், 3 மி.மீ. மற்றும் 6.5 மி.மீ. இரும்பு டிரில் பிட்டுகள், சென்டர் பஞ்ச், சுத்தியல், அரைவட்ட அரம், 120, 220 எண் உப்புத்தாள், ரெட் ஆக்சைடு பிரைமர், வண்டியின் நிறத்தில் சிறிது பெயின்ட், 10 மி.மீ. ஸ்பேனர் இரண்டு. போல்ட்டுகள் எம்6 அளவில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், அகலமான வாஷரும் ரப்பர் வாஷரும் அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட்டும் சேர்த்து வாங்குங்கள். பாரிமுனையின் இரும்புச் சாமான் கடைகளில் இவை சில்லறையாகவே கிடைக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காது என்பதை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். போல்ட் பளபளப்பாகவே இருக்க, அதைச் சுற்றி பெயின்ட் உரிந்த தகடு உப்புக்காற்றில் துருவேறிக்கொண்டே போகும். ரப்பர் வாஷர் அதற்காகத்தான்.

பேட்டரி இருக்கும் மாடலாக இருந்தால் முதலில் அதன் இணைப்பைக் கழற்றுங்கள். ஒயர்களையும் மின்கம்பிகளையும் ஒருபுறமாக ஒதுக்கி, துணியால் கட்டிவிட்டு, துளை வரும் இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்துண்டை வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். துளையிடும் இடத்தில் காகித ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் குறியிட்டு, சென்டர் பஞ்ச்சை வைத்து ஒரே ஓர் அடி அடியுங்கள். அந்தக் குழி இல்லாவிட்டால், வளைந்த தகட்டில் டிரில் வழுக்கி, பெயின்ட்டில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிடும்.

3 மி.மீ. பிட்டை முதலில் மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். பிட் முதலில் நாம் பார்க்கும் பெயின்ட்டைச் சுரண்டும். பிறகு அதற்கடியில் வேறொரு நிறம், அதற்கும் அடியில் கம்பெனி நிறம் என்று பொடியாக வரும். அதற்குப் பிறகு வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக எஃகுச் சீவல் வந்தால் தகடு நன்றாக இருக்கிறது. சுருளுக்குப் பதிலாகச் சிவந்த தூள் கொட்டினால் நிறுத்துங்கள். அது தகடு அல்ல, துரு. அந்த இடத்தை விட்டு வேறு இடம் தேட வேண்டும். சின்னத் துளை சரியாக விழுந்தபின் 6.5 மி.மீ. பிட்டால் அகலப்படுத்துங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரும்புச் சீவல் ஒன்றுகூடத் தளத்தில் கிடக்கக் கூடாது; ரப்பர் பாயின் அடியில் சிக்கிய சீவல் முதல் மழையிலேயே துருப்பொட்டாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு துளையை மட்டும் போடுங்கள். முதல் துளையில் பெட்டியைத் தளர்வாக மாட்டி, நிலையைச் சரிபார்த்து, அடுத்ததைக் குறியுங்கள். நான்கையும் அட்டையை நம்பி ஒரேயடியாகப் போட்டால், ஒன்றாவது இரண்டு மில்லிமீட்டர் விலகி நிற்கும்.

துளைகள் முடிந்ததும் அரத்தால் விளிம்பின் கூர்மையை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரைச் சிறிய பிரஷ்ஷால் துளையின் உள்விளிம்பு வரை தடவுங்கள். மாதம் புரட்டாசியைத் தாண்டிவிட்டால் காற்றில் ஈரம் அதிகம். பிரைமர் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் பெயின்ட் அடியுங்கள். பெயின்ட்டும் காய்ந்தபின்தான் போல்ட்.

மாட்டுவது

பெட்டியின் உட்புறத்தில் போல்ட்டின் தலையும், ஹாரன் மூடிப் பக்கத்தில் நட்டும் வரும்படி போடுவதே எளிது. ஆனால் இப்படிப் போட்டால் போல்ட்டின் மிச்ச முனை ஒயர்கள் இருக்கும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே போல்ட்டின் நீளத்தை அளந்து வாங்குங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் தெரியக் கூடாது. அளவு கிடைக்காவிட்டால் அறுத்து, முனையை அரத்தால் உருட்டிவிடுங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: போல்ட் தலை, அகலமான வாஷர், பெட்டியின் முதுகு, ரப்பர் வாஷர், லெக் ஷீல்டு, மீண்டும் அகலமான வாஷர், நைலாக் நட். பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே முழுப் பரப்புக்கும் ரப்பர் ஷீட் ஒட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. உலர்ந்த ஊரில் அது சரியாக இருக்கலாம்; இங்கே அந்த ஷீட் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துத் தகட்டைத் தின்றுவிடும். துளைகளில் மட்டும் ரப்பர் வைத்து, மற்ற இடத்தில் காற்றுப் போக மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விடுவதே சரியென்பது என் முடிவு.

எல்லா நட்டையும் கையால் மாட்டி, மூலைவிட்டமாக மாறி மாறி முடுக்குங்கள். ரப்பர் சற்று அழுந்தித் துருத்தியதும் நிறுத்திவிட வேண்டும். ஃபைபர் பெட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. மூடியின் விளிம்பு உட்காரும் இடத்தில் ரப்பர் பீடிங் ஒட்டினால் தண்ணீரும் குறையும், கடகட சத்தமும் குறையும். உள்ளே அடித்தட்டில் பழைய ரப்பர் பாயில் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள். வடிதுளைகளுக்கு நேரே பாயிலும் துளை வேண்டும்.

பூட்டைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த பொருளைக் காக்கும் பூட்டு இதுவல்ல என்பதை ஏற்றுக்கொண்டு, சாவியைத் திருப்பினால் பின்னாலுள்ள நாக்கு சுழன்று பூட்டும், எளிதில் கிடைக்கும் கேம் பூட்டு ஒன்றைப் போட்டால் போதும். சாவியை வண்டிச் சாவியோடு சேர்த்துத் தொங்கவிட்டால் அது ஓட்டும்போது பெயின்ட்டில் தட்டிக்கொண்டே இருக்கும். தனி வளையத்தில் வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஹாரன் மூடியைப் பூட்டுவதற்கு முன்பே, மீண்டும் ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, கியர்களை மாற்றி, ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள்; விட்டதும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பிறகு என்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலை மெதுவாக இரு கோடிக்கும் திருப்புங்கள். திருப்பும்போது என்ஜினின் ஓட்டம் ஏறினால் ஆக்சிலேட்டர் ஒயர் எங்கோ இழுபடுகிறது என்று அறியுங்கள். அதைச் சரிசெய்யாமல் தெருவில் இறங்கக் கூடாது. விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் ஆகியவற்றையும் பார்த்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள்.

முதலில் பெட்டியைக் காலியாக வைத்துத் தெருவுக்குள் ஓட்டுங்கள், பிறகு சாமானோடு. கனமான கருவிகளைத் துணியில் சுற்றி அடியில், ஸ்டீரிங் குழாய்க்கு அருகில் வைக்க வேண்டும். வலப்பக்கம் ஏற்கெனவே என்ஜின் இருப்பதால், எடையில் ஏதேனும் கூடுதல் இருந்தால் அது இடப்பக்கம் போகட்டும். 2டி பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மூடியின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுங்கள், ஏனென்றால் சரிந்து கசிந்தால் பெட்டியிலிருக்கும் ஆர்.சி. நகலும் இன்ஷூரன்ஸ் நகலும் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். குண்டும் குழியுமான சாலையில் ஒரு வாரம் ஓட்டியபின் நட்டுகளை ஒரு முறை முடுக்குங்கள். ரப்பர் அந்த ஒரு வாரத்தில்தான் அதிகமாக அழுந்தும். பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் பார்த்துக்கொண்டால் போதும். மழைக்காலத்தில் வடிதுளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. லெக் ஷீல்டின் உட்புறம் இருக்கும் சிறு பெட்டி என்ஜினையோ சேஸிஸ் எண்ணையோ வண்டியின் வகையையோ மாற்றுவதில்லை. இருந்தாலும், பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, வண்டியை நேரில் காட்ட வேண்டும். வடசென்னையில் பழைய சேத்தக் வைத்திருக்கும் எல்லோரும் தண்டையார்பேட்டைக்கோ பேசின் பிரிட்ஜுக்கோ தங்கள் எல்லைக்கு உட்பட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எப்படியும் போக வேண்டியவர்கள்தான். ஆய்வுக்குப் போகும்போது பெட்டி காலியாக இருக்கட்டும், விளிம்புகளில் பீடிங் இருக்கட்டும், ஸ்டீரிங் தடையின்றித் திரும்புவதை ஆய்வாளர் கேட்பதற்கு முன்பே திருப்பிக் காட்டுங்கள். சந்தேகம் எழுப்பினால், துளையிடாத முறையில் மாட்டிய பெட்டியை ஒரு ஸ்பேனரால் பத்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிடலாம்.